கடலில் மீன் லார்வாக்கள் எதைத் தின்கின்றன?

கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. முட்டையிலிருந்து வெளிவரும் கடல்மீன் லார்வாக்கள் நீரில் மிதக்கும் நுண்பாசியைத் தின்று வளர்கின்றன என்று பரவலாகச் சொல்லப்படுவது சரிதானா என்பது முதற்பகுதி. மீன்குஞ்சுப் பொரிப்பகங்களில் ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரியைத்தானே முதலில் கொடுக்கிறார்கள், கடலிலும் அதுதான் அவற்றின் இயற்கை உணவா என்பது இரண்டாம் பகுதி. இரண்டுக்கும் சுருக்கமான விடை ‘இல்லை’ என்பதே. பெரும்பாலான கடல்மீன்களின் லார்வாக்கள் வாய் திறந்த நாளிலிருந்தே இரையைத் தேடிப் பிடித்துண்ணும் வேட்டை உயிரினங்கள். எந்தக் கடலிலிருந்து பிடித்து வந்து குடலைப் பிரித்துப் பார்த்தாலும் பெரும்பாலும் கண்ணில் படுபவை கோப்பிபாட் என்னும் நுண்ணிய ஓட்டுடலிகளின் முட்டைகளும் இளநிலைகளுமே. ஆனால் எதைத் தின்கின்றன என்று பெயர்ப்பட்டியல் கொடுப்பதால் மட்டும் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடாது. அந்த உணவு எந்த நாளில், லார்வாவுக்கு எவ்வளவு அருகில் கிடைக்கிறது என்பதில்தான் அதன் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கின்றன. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

கடல்மீன்களில் மிகப் பல, ஏறத்தாழ 1 மி.மீ. விட்டமுள்ள மிதக்கும் முட்டைகளை ஆயிரக்கணக்கிலும் இலட்சக்கணக்கிலும் இடுகின்றன. அவற்றிலிருந்து வெளிவரும் உயிரை மீன் என்று அடையாளம் காண்பதே கடினம். கொடுவா லார்வா பொரிக்கும்போது ஏறத்தாழ 1.5 மி.மீ. நீளமே இருக்கும். கண்ணில் நிறமி படிந்திராது, வாய் திறந்திராது, குடல் ஒரு நேர்க்குழாயாகவே இருக்கும். உடலின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் கருவுணவுப் பைதான் அப்போதைக்கு அதற்குள்ள ஒரே உணவு. அந்தச் சேமிப்பு தீர்வதற்குள் கண் பார்வை பெற வேண்டும், தாடை அசைய வேண்டும், குடல் செரிக்கத் தொடங்க வேண்டும். நம்முடைய கடல்களைப் போன்று 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் இவையெல்லாம் 2 அல்லது 3 நாட்களில் நடந்து முடிகின்றன. நார்வேயின் குளிர்நீரில் பிறக்கும் காட் மீன் லார்வாவுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் கிடைக்கிறது; அட்லாண்டிக் ஹாலிபட் மீனின் லார்வாவோ ஏறத்தாழ 6 வாரம் கருவுணவை நம்பியே இருக்கிறது. வெப்பம் வளர்ச்சியை விரைவுபடுத்தும்போதே சேமிப்பையும் விரைந்து எரித்துவிடுவதால், வெப்பமண்டல லார்வா பசி தாங்கக்கூடிய காலம் மிகக் குறுகியது.

சேமிப்பு தீர்ந்த பிறகும் இரை கிடைக்காத லார்வா உடனே இறந்துவிடுவதில்லை. ஆனால் ஒரு கட்டத்துக்குப் பின், சுற்றிலும் இரை நிறைந்திருந்தாலும் அதைப் பிடிக்கும் வலு அதற்கு இல்லாமல் போகிறது. உயிர் இருக்கும், மீட்சி இருக்காது. ஹெர்ரிங் மீன் லார்வாக்களைக் கொண்டு பிளாக்ஸ்டர், ஹெம்பல் என்னும் இருவர் 1963-இல் இந்த எல்லையை விளக்கினர். கடலில் லார்வாக்களின் உணவைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த எல்லையை மனத்தில் வைத்தே நடக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி உணவுக்கு வருவோம். லார்வாவின் உணவை முடிவு செய்வதில் முதலிடம் வகிப்பது வாயின் அகலம். அதற்கு இரையைக் கடித்துத் துண்டாக்கவோ மெல்லவோ வழியில்லை. முழுதாக விழுங்க வேண்டும். முதல் முறை உண்ணத் தொடங்கும் பெரும்பாலான இனங்களுக்கு 50 முதல் 100 மைக்ரான் வரை தடிமனுள்ள இரை பொருந்துகிறது. நம் தலைமயிர் ஒன்றின் தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம். கடல்நீரில் மிகுதியாக இருக்கும் ஒற்றைச்செல் பாசிகளில் பெரும்பங்கு இதைவிடப் பன்மடங்கு சிறியவை. ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிடித்தால் செலவிட்ட ஆற்றலுக்கு ஈடாகாது. மொத்தமாக வடிகட்டி உண்பதற்கான செவுள் முட்கள் லார்வாவுக்கு இன்னும் உருவாகியிருப்பதும் இல்லை. சங்கிலியாக இணைந்தும் முட்கள் நீட்டியும் மிதக்கும் டயட்டம்கள் என்னும் சிலிக்கா ஓட்டுப் பாசிகளோ வாயில் நுழைவதில்லை. முழு வளர்ச்சியடைந்த கோப்பிபாட் ஏறத்தாழ 1 மி.மீ. நீளமுள்ளதால் அதுவும் அப்போதைக்கு எட்டாத இரை. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் இருப்பவை கோப்பிபாட் முட்டைகள், அவற்றிலிருந்து வரும் நாப்ளியஸ் என்னும் இளநிலைகள், குறுமயிர் போன்ற இழைகளால் நீந்தும் ஒற்றைச்செல் குற்றிழை உயிரிகள், கிண்ணம் போன்ற ஓட்டுக்குள் வாழும் டின்டினிட்கள், சிப்பிகளின் லார்வாக்கள், சாட்டை போன்ற இழைகளால் நீந்தும் ஒற்றைச்செல் உயிர்களான டைனோஃபிளாஜெல்லேட்களில் பெரிய வகைகள் ஆகியவை. லார்வாவின் முதல் உணவு இந்தக் கூட்டத்திலிருந்துதான் அமைகிறது.

இவற்றில் கோப்பிபாட் முன்னிலை பெறுவதற்குக் காரணம் அதன் எண்ணிக்கை மட்டுமன்று. முட்டையிலிருந்து வந்த கோப்பிபாட் 6 நாப்ளியஸ் நிலைகளையும், அதன்பின் 5 கோப்பிபோடைட் நிலைகளையும் கடந்தே முதிர்ச்சி அடைகிறது. ஒவ்வொரு நிலையும் முந்தையதைவிடச் சற்றுப் பெரிது. ஆகவே ஒரே இனக் கோப்பிபாட் நிறைந்த நீரில் பிறந்த மீன் லார்வா, முதல் வாரம் சிறு நாப்ளியஸ், அடுத்த வாரம் பெரிய நாப்ளியஸ், பின்னர் கோப்பிபோடைட், அதன்பின் முதிர்ந்த கோப்பிபாட் என்று தன் வாய் விரிய விரிய இரையின் அளவையும் கூட்டிக்கொண்டே போக முடிகிறது. வேறு எந்த மிதவை உயிரியும் இவ்வளவு ஒழுங்கான அளவு வரிசையைத் தருவதில்லை. மன்னார் வளைகுடாவையும் பாக் விரிகுடாவையும் ஒட்டிய நீரில் பாராகலானஸ், அக்ரோகலானஸ், அகார்ஷியா, ஆய்த்தோனா, யூடெர்பினா போன்ற சிறிய கோப்பிபாட் பேரினங்கள் வாழ்கின்றன. சிறிய கோப்பிபாட்களின் நாப்ளியஸ்களும் சிறியவையாக இருப்பதால், சிறிய வாயோடு பிறக்கும் வெப்பமண்டல லார்வாக்களுக்கு இவை பொருந்திவிடுகின்றன.

சத்தின் வகையிலும் கோப்பிபாட் உயர்ந்தது. கடல்மீன் லார்வாவின் மூளையும் விழித்திரையும் உருவாக டி.எச்.ஏ. என்னும் கொழுப்பு அமிலம் பெருமளவில் தேவை. பெரும்பாலான கடல்மீன்களால் அதைத் தம் உடலிலேயே போதிய அளவு உருவாக்கிக்கொள்ள முடியாது. நுண்பாசிகள் அதை உருவாக்குகின்றன. கோப்பிபாட்கள் பாசியைத் தின்று தம் உடலில் சேர்க்கின்றன. லார்வா கோப்பிபாட்டைத் தின்று பெறுகிறது. ஆக, பாசி இல்லாமல் லார்வா இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாசி கோப்பிபாட்டின் வழியாகத்தான் பெரும்பாலும் லார்வாவை வந்தடைகிறது. பாசியைத் தின்று வளர்கிறது என்ற பரவலான எண்ணத்துக்கு நெய்ச்சாளையும் ஒரு காரணமாக இருக்கலாம். வளர்ந்த நெய்ச்சாளை டயட்டம்களை விரும்பி உண்பது மலபார்க் கரையில் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. ஃப்ராஜிலாரியா ஓஷியானிகா என்னும் டயட்டம் பெருகும்போது சாளையும் பெருகும் என்றுகூடக் கணித்தனர். வளர்ந்த மீனின் வாய்க்கும் செவுளுக்கும் பொருந்தும் அந்த உணவு, அதே மீனின் 4 மி.மீ. லார்வாவுக்குப் பொருந்தும் என்று முடிவு கட்டுவது தவறு. கடல்நீரைக் குடிக்கும்போது சில பாசிச் செல்கள் லார்வாவின் குடலுக்குள் போவது உண்மையே, எனினும் அதைக் கொண்டு அது வளர்ந்துவிட முடியாது.

லார்வா வேட்டையாடும் முறையை நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு அது எளிதில் மறவாது. தன் உடல் நீளத்துக்கும் குறைவான தொலைவில் இருக்கும் இரையைத்தான் அதனால் கண்டுகொள்ள முடியும். சாளை, நெத்திலி இனங்களின் லார்வா இரையைக் கண்டதும் நின்று, மெல்லிய உடலை வளைத்து, ஒரு கணம் குறிபார்த்து, வாலை உதறி முன்னால் பாய்ந்து கவ்வும். தொடக்க நாட்களில் இந்தப் பாய்ச்சல்களில் மிகப் பல வீணாகின்றன. கலிஃபோர்னியக் கரையின் நெத்திலி இனத்தை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தபோது, முதல் நாட்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பாய்ச்சலே வெற்றி பெற்றது. 3 வாரங்களில் அது பத்துக்கு ஒன்பது ஆனது. பெரும்பாலான லார்வாக்கள் பார்வையை நம்பி வேட்டையாடுவதால் இரவில் உண்பது மிகக் குறைவு. அதாவது, பகல் வெளிச்சத்தில், சில மி.மீ. தொலைவுக்குள், வாய்க்கு ஏற்ற அளவில் இரை வந்தாக வேண்டும். கடல் எவ்வளவு வளமானதாக இருந்தாலும் அந்தச் சில மி.மீ. தொலைவுக்குள் என்ன இருக்கிறது என்பதே லார்வாவுக்குப் பொருள்படும்.

இங்கேதான் ஆய்வாளர்களை நெடுநாள் திகைக்க வைத்த ஒரு சிக்கல் எழுகிறது. ஆய்வகத் தொட்டியில் லார்வாக்கள் நன்றாகப் பிழைக்க லிட்டருக்குப் பல நூறு முதல் ஆயிரம் வரை நாப்ளியஸ்கள் தேவைப்பட்டன. கடலில் வலை இழுத்தோ நீரை அள்ளியோ எண்ணினால் சராசரியாக லிட்டருக்குச் சில பத்துகள்தான் தேறின. அப்படியானால் கடலில் லார்வாக்கள் எப்படிப் பிழைக்கின்றன? சராசரி என்பதே இங்கு ஏமாற்றும் எண் என்பது விடையின் ஒரு பகுதி. மிதவை உயிரிகள் நீரில் சீராகப் பரவியிருப்பதில்லை. திட்டுத்திட்டாகவும், குறிப்பிட்ட ஆழத்தில் மெல்லிய படலமாகவும் திரண்டிருக்கின்றன. அந்தத் திரட்சிக்குள் பிறந்த லார்வா பிழைக்கிறது. வெளியே பிறந்தது பெரும்பாலும் மடிகிறது.

இதைத் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்க மீன்வள ஆய்வாளர் ரூபன் லாஸ்கர். தெற்குக் கலிஃபோர்னியக் கரையில் வெவ்வேறு இடங்களிலும் ஆழங்களிலும் எடுத்த கடல்நீரில், ஆய்வகத்தில் பொரித்த நெத்திலி லார்வாக்களை விட்டு, அவை உண்கின்றனவா என்று பார்த்தார். மேற்பரப்பு நீரில் இருந்தவை பெரும்பாலும் பட்டினி கிடந்தன. அதற்குக் கீழே பச்சையம் செறிந்திருந்த படலத்து நீரில் இருந்தவை நன்றாக உண்டன. அங்கே அவை உண்டது ஜிம்னோடினியம் ஸ்ப்ளெண்டென்ஸ் என்று அப்போது வழங்கிய டைனோஃபிளாஜெல்லேட்டை; மில்லிலிட்டருக்கு 20 முதல் 40 செல்களாவது இருந்தால்தான் லார்வாக்கள் போதிய அளவு உண்டன. அப்போது ஒரு புயல் வீசி அந்தப் படலத்தைக் கலைத்துவிட, அதே இடத்து நீர் லார்வாக்களுக்குப் பயனற்றதாகிப் போனது. இந்த ஆய்வை அவர் 1975-இல் வெளியிட்டார்.

இந்த நெத்திலி, நான் மேலே சொன்ன பொதுவிதிக்கு ஒரு விலக்கு என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதன் லார்வா முதல் நாட்களில் ஒற்றைச்செல் உயிரியைத் தின்கிறது. ஆனால் அந்தச் செல் 40 மைக்ரானுக்கு மேற்பட்ட அளவும், பிடிக்க எளிதான மென்மையும் உடையது; நெத்திலி லார்வாவின் வாயோ மிகச் சிறியது. தாவரமா விலங்கா என்ற பிரிவை லார்வா அறியாது. அளவையும் பிடிபடும் தன்மையையும்தான் அறியும். எல்லா டைனோஃபிளாஜெல்லேட்களும் ஒன்றுபோல் உதவுவதும் இல்லை. கோனியாலாக்ஸ் பாலிஎட்ரா என்னும் இனத்தை விழுங்கிய நெத்திலி லார்வாக்கள் வளர்ச்சி காணவில்லை. சில நாட்களில் இந்த லார்வாக்களும் கோப்பிபாட் நாப்ளியஸ்களுக்கு மாறிவிடுகின்றன.

புயல் கெடுதி என்றால் காற்றே கூடாதா என்று கேட்கத் தோன்றும். வடநார்வேயின் லொஃபோட்டன் தீவுகளை ஒட்டிய கடல் வேறு பாடம் சொல்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் காட் மீன் அங்கு வந்து முட்டையிடுகிறது. அதன் லார்வாக்கள் ஏறத்தாழ முழுமையாகவே கலானஸ் ஃபின்மார்கிகஸ் என்னும் ஒரே கோப்பிபாட்டின் நாப்ளியஸ்களை நம்பி வாழ்கின்றன. அந்தக் கோப்பிபாட் குளிர்காலத்தை ஆழ்கடலில் உறக்கநிலையில் கழித்துவிட்டு, குளிர்காலத்தின் முடிவில் மேலே வந்து இனம் பெருக்குகிறது. அங்கே மிதமான காற்றினால் நீர் கலங்கும்போது, இரையும் லார்வாவும் ஒன்றையொன்று எதிர்ப்படும் வாய்ப்பு கூடுகிறது என்பதை 1980-களின் பிற்பகுதியிலும் 1990-ஐ ஒட்டியும் வந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. லார்வாவின் பார்வை எல்லை மிகக் குறுகியது என்பதால், தானே நீந்தித் தேடுவதைவிட நீரின் சிறு சுழற்சிகள் இரையைக் கொண்டுவந்து சேர்ப்பது அதற்குப் பெரும் உதவி. கலக்கம் மிகுந்துவிட்டால் குறிபார்க்க முடியாது, படலமும் கலைந்துவிடும். ஆகவே இரை குறைவாகப் பரவியுள்ள குளிர்க்கடலில் மிதமான காற்று நன்மை. மெல்லிய படலத்தை நம்பியிருக்கும் கலிஃபோர்னிய நெத்திலிக்குப் புயல் அழிவு. இரண்டையும் முரண்பாடாகக் கருத வேண்டியதில்லை.

லார்வாக்களின் உணவு மீன்வளத்தையே தீர்மானிக்கக்கூடும் என்று முதலில் வலுவாக வாதிட்டவர் நார்வேயின் யோஹன் யோர்ட். மீனின் செதில்களில் உள்ள வளையங்களைக் கொண்டு வயதைக் கணித்தபோது, 1904-இல் பிறந்த ஹெர்ரிங் மீன்களே பின்னர் பல ஆண்டுகள் நார்வேயின் பிடிப்பில் மிகுந்திருப்பது தெரியவந்தது. முட்டையிடும் மீன்கள் ஏராளமாக இருந்த பிற ஆண்டுகளில் அவ்வாறு நிகழவில்லை. கருவுணவு தீர்ந்து முதல் இரையைத் தேடும் அந்த நாட்களில் உணவு கிடைத்ததா இல்லையா என்பதே வேறுபாட்டுக்குக் காரணம் என்று 1914-இல் அவர் எழுதினார். லார்வாக்கள் நீரோட்டத்தில் தகாத இடத்துக்கு அடித்துச் செல்லப்படுவதையும் மற்றொரு காரணமாகக் குறிப்பிட்டார். பின்னாளில் பிரிட்டிஷ் மீன்வள ஆய்வாளர் டேவிட் குஷிங் இதை விரிவாக்கினார். மீன் முட்டையிடும் காலம் ஆண்டுதோறும் பெரிதாக மாறுவதில்லை, மிதவை உயிரிகள் பெருகும் காலமோ வானிலைக்கேற்ப முன்பின்னாகிறது, இவ்விரண்டும் பொருந்தும் ஆண்டில் மீன் பெருகும் என்பது அவர் கருத்து. பட்டினி ஒன்றே லார்வாக்களைக் கொல்கிறது என்று இன்று யாரும் சொல்வதில்லை. சொறிமீன்களும் பிற மீன்களும் அவற்றைப் பெருமளவில் தின்றுவிடுகின்றன. ஆனால் குறைவாக உண்ட லார்வா மெதுவாக வளர்கிறது. மெதுவாக வளர்வது நெடுநாள் சிறியதாகவே இருந்து இரையாகிறது. ஆகவே பசியையும் இரையாவதையும் இரு தனிக் காரணங்களாகப் பிரித்துப் பேசுவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

வட கடலில் நடந்தது இதற்கு வலுவான சான்று. அங்கு வெப்பம் கூடக் கூட, வசந்தத்தில் பெருகும் கலானஸ் ஃபின்மார்கிகஸ் குறைந்து, ஆண்டின் பிற்பகுதியில் பெருகும் கலானஸ் ஹெல்கோலாண்டிகஸ் அதன் இடத்தைப் பிடித்தது. இரண்டும் உருவத்தில் மிக நெருங்கிய உறவினங்கள். ஆயினும் காட் மீனின் இளம்பருவத்துக்கு உணவு தேவைப்படும் மாதங்களில் உணவு குறைந்துபோனது. ஆலிஸ்டர் ஹார்டி வடிவமைத்து 1931 முதல் கப்பல்களின் பின்னால் இழுத்துச் செல்லப்பட்டுவரும் மிதவை உயிரிப் பதிவுக் கருவியின் நீண்டகாலப் பதிவுகள் இருந்ததால்தான் இந்த மாற்றத்தையும் காட் மீன் வளத்தின் சரிவையும் இணைத்து 2003-இல் விளக்க முடிந்தது.

கோப்பிபாட் விதிக்கு உட்படாத லார்வாக்களும் உண்டு. சூரை, மயில்கோலா போன்ற பெருமீன்களின் லார்வாக்கள் வளமற்ற, தெளிந்த வெப்பமண்டலக் கடலில் பிறந்தும் மிக விரைவாக வளர்கின்றன. ஃபுளோரிடா நீரிணையில் பிடித்த சூரை லார்வாக்களின் குடல்களில் அபெண்டிகுலேரியன்கள் என்னும் வாலுள்ள, ஒளி ஊடுருவும் சிற்றுயிர்கள் மிகுந்திருந்தன. மயில்கோலா லார்வாக்களோ தொடக்கத்தில் ஃபர்ரானுலா, கோரிகேயஸ் என்னும் இரு கோப்பிபாட் பேரினங்களையும் எவாட்னே என்னும் நீர்த்தெள்ளுவையும் தேர்ந்தெடுத்து உண்டு, ஏறத்தாழ 5 மி.மீ. நீளத்திலேயே பிற மீன்களின் லார்வாக்களை விழுங்கத் தொடங்குகின்றன.

விலாங்கு மீன் இவை எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கிறது. இலை போல் தட்டையாக, கண்ணாடி போல் தெளிந்திருக்கும் அதன் லார்வா, கடலில் மெல்ல இறங்கும் கரிமப் படிவுகளையும், அபெண்டிகுலேரியன்கள் கழற்றிவிடும் சளிக்கூடுகளையும் உண்கிறது. இது தெரியாதிருந்த காலத்தில் ஜப்பானில் விலாங்கு லார்வாக்களுக்கு எதைக் கொடுத்தாலும் அவை பிழைக்கவில்லை. இறுதியில் சுறா முட்டையிலிருந்து செய்த கூழ்தான் கைகொடுத்தது. 2003-இல் கண்ணாடி விலாங்கு நிலை வரை வளர்த்த செய்தி வெளிவந்தது. 2010-இல் வாழ்க்கைச் சுழற்சி முழுவதையும் செயற்கை வளர்ப்பிலேயே முடித்துக் காட்டினர்.

இவற்றையெல்லாம் எப்படி அறிந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அறியும் முறையில் உள்ள குறை நம் முடிவையும் சாய்க்கக்கூடும். இங்கிலாந்தின் பிளிமத்தில் மேரி லெபூர் 1918 முதல் தொடர்ந்து வெளியிட்ட ஆய்வுகளில், வலையில் பிடித்த இளம் மீன்களின் குடல்களைப் பிரித்து உள்ளிருந்தவற்றை இனவாரியாகப் பதிவு செய்தார். இன்றுவரை அதுவே அடிப்படை முறை. ஆனால் சாளை, நெத்திலி இனங்களின் குடல் நேர்க்குழாயாக இருப்பதால் வலையில் சிக்கிய அதிர்ச்சியிலேயே உண்டதை வெளியேற்றிவிடுகின்றன. வெறுங்குடலைப் பார்த்து அவை பட்டினி கிடந்ததாகக் கருதினால் பிழை. கோப்பிபாட்டின் ஓடு குடலில் நெடுநேரம் அடையாளம் தெரியும்படி இருக்கும், ஓடற்ற குற்றிழை உயிரிகளோ விரைவில் கரைந்து தடமின்றிப் போகும். ஆகவே குற்றிழை உயிரிகளின் பங்கை நாம் குறைத்தே மதிப்பிட்டு வந்திருக்கிறோம். குடலில் எஞ்சிய மரபணுத் துணுக்குகளைப் படிக்கும் புதிய முறைகள் இந்தக் குறையைச் சிறிது சிறிதாகச் சரிசெய்து வருகின்றன.

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு இப்போது விடை சொல்வது எளிது. பொரிப்பகங்களில் பயன்படும் பிராக்கியோனஸ் ரோட்டிஃபர் உவர்நீர்க் குட்டைகளுக்கும் காயல்களுக்கும் உரியது. திறந்த கடலில் மீன் லார்வாக்களின் உணவில் அதற்குக் குறிப்பிடத்தக்க இடம் இல்லை. ஜப்பானின் விலாங்குக் குளங்களில் நீரைக் கெடுக்கும் தொல்லையாகக் கருதப்பட்ட அந்த உயிரியைத்தான் 1960-களில் லார்வாத் தீவனமாக மாற்றிக்கொண்டார்கள். அளவு பொருத்தமானது, மெதுவாக நீந்துவதால் எளிதில் பிடிபடும், தொட்டியில் மிக விரைவாகப் பெருகும் என்ற மூன்று வசதிகளே அதற்குக் காரணம். முட்டுக்காட்டில் 1997-இல் கொடுவாவையும், மண்டபத்தில் 2010-இல் கடல் விராலையும் பொரிக்க வைத்து வளர்த்தபோது இந்த முறையே பின்பற்றப்பட்டது. மூன்றாம் நாள் அளவில் ரோட்டிஃபர், இரண்டாம் வாரத்தை ஒட்டி, உப்புநீரில் வாழும் சிறு ஓட்டுடலியான ஆர்டீமியாவின் நாப்ளியஸ், அதன்பின் தூள் தீவனம் என்பது பொதுவான வரிசை. தொட்டி நீரில் பாசியைக் கலந்து பச்சையாக வைத்திருப்பதைப் பார்த்துத்தான் லார்வா பாசியைத் தின்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அந்தப் பாசி ரோட்டிஃபருக்கு உணவாகிறது. ஒளியைப் பரப்பி லார்வாவுக்கு இரை தெளிவாகத் தெரியவும் உதவுகிறது.

ரோட்டிஃபரிலும், தூத்துக்குடி உப்பளங்களிலும் காணக் கிடைக்கும் ஆர்டீமியாவிலும் டி.எச்.ஏ. மிகக் குறைவு. அதனால் கொடுப்பதற்குச் சில மணி நேரம் முன்பே அவற்றுக்கு மீன் எண்ணெய்க் கரைசலையோ தகுந்த பாசியையோ ஊட்டி, அந்தக் கொழுப்பை அவற்றின் உடலில் ஏற்றிய பிறகே லார்வாவுக்கு விடுகிறார்கள். அப்படிச் செய்தும் ஹாலிபட் போன்ற தட்டை மீன்களில் நிறக்குறைபாடு தோன்றியது. கோப்பிபாட் உண்டவற்றில் அது வெகுவாகக் குறைந்தது. களவா போன்ற மீன்களின் லார்வா வாயோ சாதாரண ரோட்டிஃபர் நுழையாத அளவுக்குச் சிறியது. அவற்றுக்கு மிகச் சிறிய வகை ரோட்டிஃபரைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார்கள், அல்லது கடலில் அவை உண்ணும் கோப்பிபாட் நாப்ளியஸையே தொட்டியில் வளர்த்துக் கொடுக்கிறார்கள். கோப்பிபாட்டை ரோட்டிஃபர் அளவுக்கு அடர்த்தியாக வளர்க்க முடியாததுதான் இப்போதுள்ள தடை.